நாற்பத்து மூன்று மில்லிமீட்டர்

தட்டில் ஆறிப்போன சூப்பின் மேல் ஆட்டுக்கொழுப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது. அதைத் தள்ளி வைத்துவிட்டு மேரிம் மூன்றாவது முறையாகக் கூட்டிப் பார்த்தாள். நாற்பத்து மூன்றுதான்.

நில அளவைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிந்ததும், இசிக் குல் ஏரிக்கரையில் ஒரு மாதம் களப்பயிற்சி. கடைசிப் பாடம் பார்ப்பதற்கு எளியதுதான். மேட்டில் ஓர் அடையாளக் கல், கீழே வாய்க்கால் ஓரம் இன்னொன்று. இரண்டின் உயரமும் ஏற்கெனவே தெரிந்தது. மேல்கல்லில் தொடங்கி, மட்டக்கருவியும் அளவுக்கம்புமாக இரண்டு கிலோமீட்டர் இறங்கி வந்து, கீழ்க்கல்லில் தெரிந்த உயரத்தையே தொட வேண்டும். இருபத்தெட்டு மில்லிமீட்டர் வரை பிசகலாம். மேரிமுக்கு நாற்பத்து மூன்று. முதல் நாள் அவளோடு சேர்ந்து அளந்த திலெக் கம்பைச் சாய்த்துப் பிடித்திருப்பான் என்று நினைத்தாள். மறுநாள் முழுக்க அவளே நின்று பார்த்து, பின்கழுத்துத் தோல் உரிய அளந்தாள். அதே நாற்பத்து மூன்று.

"இன்னும் எத்தன தடவ கூட்டுவ? கூட்டக் கூட்டக் குட்டி போடுமா அது?" என்றான் திலெக். சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய கள நோட்டை எடுத்துப் போட்டான். அட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. "எங்கண்ணன் எழுதுனது. ஆறு மில்லிமீட்டர்ல முடிச்சிருக்கான். அங்கங்க நாலு எண்ண மாத்து, போதும்."

"ஆறு வேணாண்டி, ஒம்பது போடு," என்றாள் பக்கத்து மேசையிலிருந்து குல்சானா. "நாங்க ஆறு போட்டாச்சு."

திலெக்கின் அண்ணனும் யாரோ ஒருவனுடையதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பான். கொழுப்புப் பிசுக்கோடு கை மாறி வந்த அந்த எண்களைத் தொட மேரிமுக்கு விரல் கூசியது. எழுந்து ஷார்ஷென் அகாயைத் தேடிப் போனாள். அவர்களுக்கு வாத்தியார் என்றால் அகாய்.

அவர் சர்க்கரைப் பாதாமி மரத்தடியில், வெந்நீர் வாளிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தார். ஊறிய நகங்களைப் பேனாக்கத்தியால் சுரண்டிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

"அகாய், ரெண்டு தடவ அளந்துட்டோம். கீழ்க்கல்லுதான் நகந்திருக்கு."

"கல்லு நகராது பொண்ணே. பதிமூணு வருஷமா எல்லாருக்கும் சரியா வருது. ஒனக்கு மட்டும் வரலையாக்கும்?"

"எல்லாரும் அளந்தாங்களா அகாய்?"

கத்தி நின்றது. வாளித் தண்ணீரில் ஒரு நகத்துணுக்கு சுற்றிச் சுற்றி மிதந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்.

"நாளைக்குக் காலையில பஸ்ஸு. அதுக்குள்ள சரியா முடிஞ்ச நோட்டு வந்தா கையெழுத்து. வரலேன்னா பயிற்சியில தோல்வி, ஒன் அரசு இடம் போயிடும். மலங்காட்டுல ஆடு மேய்க்கிற ஒங்கப்பன் ஃபீஸ் கட்டுவானா? நல்லாப் படிக்கிற புள்ள. எனக்கே மனசு கேக்கல."

அந்தக் கரிசனம்தான் அவளுக்குக் குமட்டியது. ஈரக் கையால் அவள் தலையைத் தடவிவிட்டார். அந்த ஈரம் காயும்வரை அவள் தலையைத் தொடவேயில்லை.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தாள். திலெக் சொன்னபடியே எழுதினாள்; இதை வாசிக்கும் செல்வங்களே, உங்களிடம் மறைக்க மாட்டேன். வெயிலில் நின்று எழுதிய எண்கள் கோணல்மாணலாகக் கிடக்க, பொய் எண்கள் பென்சில் முனையிலிருந்து முத்துமுத்தாக இறங்கின. ஒரு பக்கம் நிரம்பியது. திலெக் எட்டிப் பார்த்தான்.

"ரொம்பச் சுத்தமா இருக்கே! நம்ப மாட்டாங்க. ரெண்டு எடத்துல தப்பா எழுதி அடிச்சு வை."

கள நோட்டில் அழிப்பான் படக்கூடாது. தவறினால், தவறிய எண் கண்ணுக்குத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும். செய்த தப்பை மறைக்காமல் இருப்பதற்காக யாரோ நேர்மையான மனிதர் வகுத்த விதி. மேரிம் செய்யாத ஒரு தப்பை எழுதினாள். அதன்மேல் கோடு போட்டாள். அந்தக் கோட்டைப் பார்த்தபடியே இருந்தவளுக்கு வயிற்றிலிருந்து புளிப்பு தொண்டைக்கு ஏறியது. வெளியே ஓடி, கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

வாயைக் கழுவக்கூட நிற்காமல் வாய்க்காலுக்கு நடந்தாள். கீழ்க்கல் புல்லுக்குள் சாதுவாக நின்றது. தலையில் சிவப்புச் சாயம்கூடப் புதிதாகப் பூசியிருந்தார்கள். காலால் ஓர் அழுத்து அழுத்தினாள். ஆடியது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து அசைத்து இழுத்தாள். அடையாளக் கல் ஆளுயரத்துக்கு மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும், பனி உறையாத ஆழம்வரை. முதலாண்டின் முதல் பாடம் அது. இதுவோ ஒரு கை நீளம்கூட இல்லாமல், பொளக்கென்று கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் உடைந்த கான்கிரீட், துருப்பிடித்த கம்பி. என்றோ ஒரு டிராக்டர் முறித்துப் போட்டதை யாரோ எடுத்துச் செருகி வைத்திருக்கிறார்கள். குழிக்குள் கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம், தடித்த வெள்ளைப் புழுக்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவள் உள்ளே வந்தாள். கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்திருந்தாள். சட்டை முழுக்கச் சேறு. நீள மேசையில், ரொட்டிக் கூடைக்கும் அகாயின் தட்டுக்கும் நடுவில் இறக்கி வைத்தாள். கிண்ணங்கள் குலுங்கின.

"ஐயய்யோ, சாப்பிடுற எடத்துலயா!" என்று குல்சானா மூக்கைப் பொத்தினாள்.

"இந்தக் கல்லு வரைக்கும்தான் அளந்தேன், அகாய்," என்றாள் மேரிம். அகாய் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை இறக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை.

திலெக் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, எவரையும் கேட்காமல், கல்லின் ஓரமாக நீட்டிப் பிடித்து, குனிந்து அதன் நீளத்தைப் பார்த்தான். சேற்றிலிருந்து நழுவிய ஒரு வெள்ளைப் புழு மேசைவிரிப்பில் விழுந்து, நாடாவின் மேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.