ஒதுங்கும் மாடங்கள்

பொழுது விடிந்தும் விடியாத நேரம். ஷிர்முராத்தும் அவன் கூட்டாளிகளும் தண்டவாளத்தடியில் கரிந்துபோன ஸ்லீப்பர் கட்டைகளை ரயில் சுரங்கத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டைக்கு நாலு பேர், ஆளுக்கொரு இடுக்கி. மூக்கில் கட்டிய ஈரத்துணி கருத்துவிட்டது. துப்பினால் எச்சில் தார்போலக் கறுப்பாக விழுந்தது. வெளியே லொரெஸ்தான் மலையின் பனிக்காற்று, உள்ளே இன்னும் சூடாறாத பாறை. இரண்டுக்கும் நடுவே போய்வந்து எல்லோருக்கும் இருமல் பிடித்திருந்தது.

சுரங்கச் சுவரில் இடைவெளி விட்டு மாடங்கள் குடைந்திருப்பார்கள். வண்டி வந்தால் வேலைக்காரன் ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள அதுதான் இடம். கான்ட்ராக்டர் பஹ்மன்பூர், வெளியே கொட்டகை போடும் செலவு எதற்கென்று, மாடம் பூராவும் டீசல் பீப்பாய்களையும் பழைய கட்டைகளையும் அடைத்துவைத்திருந்தான். சொல்லிப் பார்த்தார்கள். சிரித்தான். செவ்வாய்க்கிழமை தண்டவாளம் அறுக்கையில் பறந்த பொறி ஒரு பீப்பாயில் விழுந்தது. கூட்டாளி நூர்கொதாவின் முதுகும் இரண்டு கையும் வெந்துபோயின. அவன் ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடக்கிறான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்று ராத்திரிதான் வருஷக் கடைசியில் நெருப்புத் தாண்டும் பண்டிகை. கூலிக்காரப் பயல்கள் சுரங்கத்துக்குள்ளேயே தீ மூட்டித் தாண்டினார்கள், நூர்கொதாதான் முதலில் தாண்டினான் என்று பஹ்மன்பூர் கதை கட்டிவிட்டான். தாண்டுவதற்கென்று அவர்கள் பொறுக்கிவைத்த முட்செடி, பற்றவைக்க ஆளில்லாமல் ஆற்றங்கரையிலேயே கிடந்தது. அதை யார் போய்ப் பார்த்தார்கள்?

வெயில் ஏறியதும் பஹ்மன்பூர் ஜீப்பில் வந்து இறங்கினான். புத்தாண்டுக்குத் தெற்கே போகிற வண்டி கீழே ஸ்டேஷனில் நாள்கணக்காக நின்றது. அதன் பயணிகள் ஒரு கும்பலாக அவன் பின்னால் ஏறி வந்தார்கள். இருப்புப்பாதை வண்டி ஊர்ந்துபோகிற அளவுக்குச் சரியாகிவிட்டது, மத்தியானம் வண்டியை மெதுவாக விடப்போகிறோம், மீதியை வண்டி ஓட ஓடவே உள்ளே இருந்து முடியுங்கள் என்றான்.

"வண்டி வந்தா நாங்க எங்கய்யா ஒதுங்கறது? அந்தப் பக்கத்து மாடத்துல இன்னும் பீப்பாய் இருக்கு," என்றான் ஷிர்முராத்.

"சுவரோட ஒட்டி நில்லு. திங்கிறதுக்கு இல்லாத பயலுக்கு வயிறா இடிக்கப்போகுது?"

பயணிகளில் சிலர் சிரித்தார்கள். ஷிர்முராத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயணிகளின் கஷ்டத்தைப் பார்த்தால் தனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை என்று பஹ்மன்பூர் வேறு சொன்னான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

துரான் என்றொரு பெண், கறுப்பு உடுத்தியவள், முன்னால் வந்தாள். தெற்கே அந்திமேஷ்க்கில் அவள் அண்ணன் செத்து இது முதல் புத்தாண்டு. துக்க வீட்டில் கூடப்பிறந்தவள் போய் உட்காராவிட்டால் ஊர் என்ன பேசும்?

"குதிச்சு விளையாட உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா? நாசமாப் போறவங்களா," என்றாள்.

ஷிர்முராத் கெஞ்சவில்லை. கோபத்தோடுதான் சொன்னான்: "திட்டறது இருக்கட்டும்மா. டார்ச்சு தரேன். உள்ள வந்து பாத்துட்டுத் திட்டு."

வெளியாட்கள் உள்ளே போகக்கூடாது, ஆபத்து என்று பஹ்மன்பூர் குறுக்கே நின்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மத்தியானம் எங்களை இதுக்குள்ளதானே ஓட்டிட்டுப் போகப்போறே? அப்ப மட்டும் ஆபத்து இல்லையா?"

எரிந்த பகுதியைத் தாண்டி ஷிர்முராத் அவளை ஒரு மாடத்தின் முன் நிறுத்தினான். வண்டி வருகிறது, ஒதுங்கு என்றான். அவள் ஒண்டிப் பார்த்தாள். பாதி உடம்புகூட உள்ளே போகவில்லை. பாவாடை பீப்பாயில் உரசி, கசிந்த டீசலில் நனைந்தது. தொட்டுப் பார்க்க நீட்டிய கையை, டீசல் வாடை அடித்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அடுத்த மாடமும் அப்படித்தான், அதற்கடுத்ததும். வெளியே வந்தவள் யாரையும் திட்டவில்லை. பயணிகளோடு ஏறி வந்திருந்த வண்டி டிரைவர் எஸ்கந்தரிடம் போய் நனைந்த பாவாடையைக் காட்டினாள்.

எஸ்கந்தர் அதிகம் பேசுகிறவன் அல்ல. "பீப்பாய் வெளிய வராம என் இன்ஜின் நகராது," என்றான்.

பஹ்மன்பூர் முகம் சிவந்தது. கூலிக்காரர்களைப் பார்த்து, உங்கள் எல்லோர் வேலைச் சீட்டையும் கிழித்துவிட்டேன், லாரியில் வேறு ஆள் வருகிறது, போலீசும் வருகிறது என்று கத்தினான். ஷிர்முராத் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சுரங்க வாசலில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தான். அவன் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். துரான் கரிக்கட்டை மேல் உட்கார்ந்து, வழிக்குக் கட்டிவந்த ரொட்டியைப் பிட்டு நீட்டினாள். பயணிகளில் பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு இறங்கினார்கள். மீதிப்பேர் நின்றார்கள்.

லாரி வந்தது. பக்கத்துக் கிராமத்து ஆட்கள், கடப்பாறையும் கையுமாகக் குதித்தார்கள். அவர்கள் வீட்டிலும் பண்டிகை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு. அவர்கள் உள்ளே போனால் எல்லாம் முடிந்தது; நூர்கொதாதான் தீ வைத்தான் என்பதும் உண்மையாகிவிடும்.

"போங்கடா உள்ள," என்றான் பஹ்மன்பூர்.

ஷிர்முராத் எழுந்திருக்கவில்லை. "போறதா இருந்தா போங்க அண்ணே. வண்டி வந்தா எங்க நிக்கணும்னு மட்டும் அந்த ஆளைக் கேட்டுட்டுப் போங்க," என்றான்.

முன்னால் வந்தவன் நின்றான். பஹ்மன்பூரைத் திரும்பிப் பார்த்து, "எங்கய்யா நிக்கணும்?" என்று கேட்டான்.

பஹ்மன்பூர் மறுபடியும் சுரங்க வாசலைக் கைகாட்டினான். வந்தவன் கடப்பாறையைச் சரளைக்கல்லில் போட்டான். மற்றவர்கள் இன்னும் போடவில்லை. தூரத்தில் போலீஸ் வண்டி மலை ஏறுகிற சத்தம் கேட்டது. ஷிர்முராத் தண்டவாளத்தில் நகர்ந்து உட்கார்ந்து கடப்பாறையைப் போட்டவனுக்கு இடம் விட்டான்.