அட்டையோரத்துக் குத்துகள்

நாகர்கோவில் மிஷன் லேஸ் அறையில் எலிசாவுக்குப் பதினாறு வருஷ வேலை. அவள் கைபட்ட லேஸில் குறை கண்டவர் கிடையாது. அதை அவளே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறாள். 1927இல் சீமையில் ஒரு கல்யாணப் பெண்ணின் முக்காட்டுக்கு லேஸ் பின்ன, அறையை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா அவளைத்தான் தேர்ந்தெடுத்தாள். நல்லபடியாக முடித்தால் அறையின் மேற்பார்வைக்காரி நாற்காலி அவளுக்கு.

நாற்காலி கைக்கு எட்டும் நேரத்தில் உடம்பு காலை வாரியது. நெஞ்சு படபடக்கும், உறக்கம் வராது, உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். வேர்வை பட்டுப் பித்தளைக் குண்டூசிகள் பச்சை பூத்து, வெள்ளை நூலில் கறை இறங்கியது. மரச்சீனிக் கிழங்கு உடம்புக்கு ஆகவில்லையோ என்று அதை நிறுத்திப் பார்த்தாள். கிழங்கு போனது, வேர்வை போகவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா குழல் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்றாள். மனசு எதையோ தாங்கமாட்டாமல் உடம்பின் மேல் ஏற்றுகிறது, அது எதுவென்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும்; படபடப்பு வரும்போதெல்லாம் ஒரு குறி போடு, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று யோசி என்று சொல்லி அனுப்பினாள்.

லேஸ் அறைக்குள் மையும் பென்சிலும் கூடாது, நூல் அழுக்காகும். அதனால் எலிசா மாதிரி அட்டையின் ஓரத்தில் ஊசியால் குத்தி வைத்தாள். லேஸ் பின்னும் தலையணை மேல் கிடக்கும் அந்த அட்டையின் துளைகளில் ஊசி நட்டு, அதைச் சுற்றித்தான் நூலைப் பின்னுவார்கள். அன்றன்று எந்த இடத்தில் பின்னினாளோ அதற்கு நேரே அன்றைய குத்து.

இரண்டு வாரத்தில் பத்தொன்பது சேர்ந்தது. ஒரு சாயங்காலம் அவற்றை விரலால் தடவித் தடவி யோசித்தாள். மூன்று நாளுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று நாளும், அறையில் புதிதாகச் சேர்ந்த பூங்கனி காய்ச்சலில் கிடந்தாள். ஒரே இடத்தில் ஐந்து. அன்றைக்குத்தான் மிசியம்மா பூங்கனியின் கையைத் தூக்கி, என்ன சுத்தமான கை பாருங்கள் என்று அறை முழுக்கக் காட்டினாள்.

பூங்கனி வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். நேற்று வந்தவளைக் கண்டா நமக்கு இந்தப் பாடு என்று எலிசாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் அதிகம். காரணம் தெரிந்ததும் வேர்வை நிற்கும் என்று நினைத்தாள். மறுநாள் பூங்கனி வாசலில் தலைகாட்டியதுமே கை நனைந்தது.

அந்த வாரமே மிசியம்மா பச்சைக் கறையைக் கண்டுவிட்டாள். எலிசா பின்னியதை ஒதுக்கி வைத்து, அதே அட்டையைப் பூங்கனியிடம் கொடுத்து முதலிலிருந்து தொடங்கச் சொன்னாள். ஓரத்துக் குத்துகள் மாதிரியில் சேர்ந்தவை அல்ல என்று எலிசா சொல்லவில்லை. மறந்துபோனாள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். துளை கண்ட இடத்தில் ஊசி நட வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். பூங்கனி சட்டப்படி நட்டாள்.

லேஸ் முடிந்தபோது விளிம்பில் குட்டிக் குட்டி வளையங்கள், ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் ஐந்து. தொலைந்தாள் என்று எலிசாவின் மனசு குளிர்ந்தது. மிசியம்மாவோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படி ஒரு விளிம்பை நான் கண்டதே இல்லை என்று பூங்கனியைத் தட்டிக்கொடுத்தாள்.

"நான் ஒண்ணும் செய்யல்ல மிசியம்மா" என்றாள் பூங்கனி. "எலிசாக்காளுக்க அட்டையில குத்து கெடந்துது. அதுக்கு ஊசி போட்டேன், அவ்வளவுதான்."

அப்படியானால் விளிம்பு எலிசாவின் கற்பனை என்று மிசியம்மா எடுத்துக்கொள்ள, நாற்காலி எலிசாவுக்கே வந்தது. இருபது பெண்களுக்கும் அந்த விளிம்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. எலிசாவின் பொறாமை இருபது தலையணைகளில் ஏறியது. அந்த நாற்காலியும் பூங்கனி கொடுத்தது என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

ஒரு நாள் பூங்கனி கேட்டாள்: "எக்கா, இந்த எடத்துல மட்டும் ஏன் அஞ்சு?"

எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். பதினாலு நாள் குத்தியவளுக்கு மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

"அன்னைக்கி மிசியம்மா உனக்க கையத் தூக்கிக் காட்டினால்லா மக்கா. அஞ்சு தடவ எனக்கு நெஞ்சு எரிஞ்சுது."

பூங்கனியின் நூல்கட்டைகள் நின்றன. "நீங்க நாற்காலிக்கு வந்ததுலேருந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கியளா, எனக்கும் கை வேர்க்குது" என்று தன் தலையணையை அவள் பக்கம் திருப்பினாள். வேலை முடிந்த இடத்திலிருந்து பிடுங்கி ஓரத்தில் குத்தி வைத்திருந்த ஊசிகளெல்லாம் பச்சை பூத்திருந்தன.

எலிசா குனிந்து பார்த்தாள். தன்னுடையதைவிட இவள் ஊசியில் பச்சை அதிகமா என்றுதான் முதலில் பார்த்தாள்.