எடையில்லாத பிள்ளையின் உதடு

தையல்காரியின் மகளுக்கு எடை கிடையாது. பிறந்ததும் தராசில் வைத்துப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. தராசை மாற்றினார்கள், அப்போதும் அசையவில்லை. மருத்துவச்சி பதிவேட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டாள். காற்று அடித்துக்கொண்டு போகாமலிருக்கத் தையல்காரி பிள்ளையின் இடுப்பில் ரிப்பன் கட்டி, மறுமுனையைத் தையல் மிஷினின் காலில் முடிந்து வைத்தாள். நான்கு வயது வரை அவள் தாயின் தலைக்கு மேல், தைத்த துணிகள் தொங்கும் உயரத்திலேயே வளர்ந்தாள். அக்கம்பக்கத்தில் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். அவள் மிதப்பது ஒரு மாதத்தில் தெருவுக்குப் பழகிவிட்டது. பழகாதது அவளுடைய உதடு. மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். குடிக்கிற பால் உதட்டு இடுக்கில் வழிந்து, கீழே தைத்துக்கொண்டிருக்கும் துணியில் சொட்டியது. பிள்ளைகள் அவளை விளையாட்டுக்குச் சேர்க்கவில்லை. மிதக்கிறாள் என்பதற்காக அல்ல.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். டாக்டர்கள், நர்சுகள், மிஷின் பழுது பார்க்கிற ஒருவர். எல்லோரும் அவரவர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தவர்கள். விளக்கு, நூல், படுக்கை விரிப்பு, ஸ்க்ரூடிரைவர் வரை பெட்டிகளில் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட விடுதியில் தரையில் படுத்தார்கள். பத்து நாட்களில் அறுபது பிள்ளைகளுக்கு இலவசமாக உதடு தைப்பது என்று திட்டம். பெயர் கொடுத்தவர்கள் இருநூறு பேர். முதல் நாள் அவர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள். எடை, காய்ச்சல், சளி பார்த்து, தேறிய பிள்ளையின் கழுத்தில் எண் எழுதிய அட்டை மாட்டுவார்கள். பெயர் கொடுக்கப் போன வரிசையில் முன்னால் நின்றவள் தையல்காரியிடம் திரும்பிச் சொன்னாள்: “எடை பத்தலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம்க்கா. மறுபடி எப்ப வருவாங்கன்னு அவங்களுக்கே தெரியாதாம்.”

தையல்காரி வீட்டுக்கு வந்து, ஆபீஸ் திரைச்சீலைகளின் அடி மடிப்பில் வைத்துத் தைக்கிற ஈயக் குண்டுகளை எடுத்தாள். எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் அதே வயது. அவன் எடை பதினான்கு கிலோ. பதினான்கு கிலோ ஈயத்தையும் ஒரு கவுனின் ஏழு அடுக்குச் சுருக்கங்களுக்குள் வைத்துத் தைத்தாள். ஒரு இடத்திலும் துருத்தவில்லை.

பெயின்டர் வேலை பார்க்கிற அவள் புருஷன் கவுனைத் தூக்கப் பார்த்து, முடியாமல் வைத்தான். “இது எதுக்குடி?”

“நீ சும்மா இரு. சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கிற ஆளுக்கு வைத்தியத்தைப் பத்தி என்ன தெரியும்?”

“உனக்கு மட்டும் என்ன தெரியும்?”

“எனக்குச் சட்டையைப் பத்தித் தெரியும்ல.”

மறுநாள் பஞ்சு முதல்முறையாகத் தரையில் நடந்து போனாள். தராசு பதினான்கு காட்டியது. முப்பத்தியொன்றாம் எண் அட்டை கிடைத்தது.

ஆறாம் நாள் அவள் முறை வந்தது. ஆபரேஷனுக்கான அங்கியை மாட்டுவதற்காக நர்ஸ் கவுனைக் கழற்றியதும், கவுன் விழுந்து தரை ஓடு ஒன்று உடைந்தது. பிள்ளை ஒரு உதை உதைத்து, கூரைக்குப் போய் ட்யூப்லைட்டைப் பிடித்துக்கொண்டது. டாக்டர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா மட்டும் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். மருந்தை எடைக்குக் கணக்கிடுவதுதான் முறை. அதில் பதினான்கு கிலோவுக்கான மருந்து இருந்தது. நிரப்பி வைத்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் குப்பையில் பீய்ச்சிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவர் சொன்னதை, மொழி தெரிந்தவர் என்று துணைக்கு வைத்திருந்த உள்ளூர் மருந்துக்கடைக்காரர், வாசலில் நின்ற தையல்காரிக்கு மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னதை அவர் சத்தமாகச் சொன்னார்.

“இதை ஏத்தியிருந்தா பிள்ளை எழுந்திருச்சிருக்காதாம். புரியுதா உனக்கு?”

தையல்காரிக்குப் புரிந்தது. “நான் செஞ்ச தப்புங்க அது. என்னைத் திட்டுங்க. பிள்ளையை மட்டும் அனுப்பிடாதீங்க.”

டாக்டரம்மா திட்டவில்லை. எழுந்து, மயக்க வாயு கொடுக்கிற முகமூடியைக் கழுவினார். ஊசி மருந்துக்குத்தான் எடை வேண்டும், வாயுவுக்கு மூச்சு போதும் என்றார். பிள்ளையை இறக்கி, பெல்ட் போட்டு மேசையில் கட்டினார்கள். மூச்சை இழுக்கும்போது அவள் இரண்டு விரற்கடை எழும்பினாள், விடும்போது இறங்கினாள். டாக்டரம்மா காற்றுப் பையைக் கையிலேயே அமுக்கி, ஒவ்வொரு மூச்சையும் எண்ணிச் சொன்னார். அறுவை செய்கிற டாக்டர் அவள் இறங்கியிருக்கும் நொடியில் மட்டும் ஊசியைக் குத்தினார். முக்கால் மணி வேலை மூன்று மணி நேரம் ஆனது. இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு மூச்சுகள். அதற்காக வேறு பிள்ளை ஒன்றுக்கும் முறை தவறக் கூடாது என்று, அன்று பன்னிரண்டு பேரும் சாப்பிடாமல் நின்று மிச்ச ஐந்து பேரையும் முடித்தார்கள். டாக்டரம்மாவின் வலது கை இரண்டு நாள் மடங்கவில்லை.

கிளம்புகிற அன்று தையலைப் பார்க்க வந்தார்கள். தையல்காரி உதட்டருகே முகத்தைக் கொண்டுபோய், தொழில்காரியின் கண்ணால் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. “இவ இனிமே கீழ இறங்குவாளாங்க?” என்று கேட்டாள்.

அறுவை டாக்டர் சொன்னதை மருந்துக்கடைக்காரர் இந்த முறை மெதுவாகச் சொன்னார். “அது அவங்களுக்குத் தெரியாதாம்மா. உதடு தைக்கத்தான் தெரியுமாம்.”

“அது போதும்” என்றாள்.

பஞ்சு இறங்கவில்லை. காற்றில் கைகளைத் துழாவி நகரக் கற்றுக்கொண்டாள். பள்ளியில் பிள்ளைகள் அவள் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பிடித்து இழுத்து விளையாடினார்கள். பத்தொன்பது வயதில் கால்பந்து நடுவர் தேர்வில் தேறினாள். விசிலை இரண்டு உதடுகளால் கவ்விக்கொண்டு, மைதானத்துக்கு இருபதடி மேலே நின்று ஆட்டத்தை நடத்துகிறாள். அந்த விசில் ரயில்நிலையம் வரை கேட்கிறது. மேலிருந்து பார்ப்பதால் அவள் தீர்ப்பை யாரும் எதிர்ப்பதில்லை. அவள் நிழல் பந்தின்மேல் விழுகிறது என்று தோற்ற அணி ஒன்று ஒருமுறை புகார் கொடுத்தது. மைதானக் குழு கூடி விசாரித்து, வெயில் நேர ஆட்டங்களில் நடுவரின் நிழலும் ஆடுகளத்தின் பகுதியே என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தது.