புக்குல் எட்டு

கட்சியின் மாநிலத் தகவல் பிரிவுக்கு நான்தான் தலைவி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். வேட்பாளர் குகனேஸ்வரன் மேடையில் முழங்குவதும் முகநூலில் உருகுவதும் யுவனேஸ்வரியாகிய நான் எழுதிக் கொடுப்பதுதான். பதினைந்து வருடத்தில் ஒரு சொல்கூடத் தவறியதில்லை என்று திமிராகவே திரிந்தேன்.

இருளப்பன் மாமா தேயிலைத் தோட்டத்தில் மருந்து தெளிப்பவர். சின்ன வயதில் அவர் வீடும் எங்கள் வீடும் தோட்டக் குடியிருப்பில் ஒரே லைனில்தான். கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகள் எங்கே என்று குகனேஸ்வரனைக் கேட்டு அவர் பேசிய காணொளி, மூன்றே நாளில் கோலா தெர்லா ஊர் வரை எல்லாருடைய போனிலும் ஓடியது. "நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், நான் படம் எடுத்துப் போடுகிறேன்" என்று குகனேஸ்வரனிடம் சொன்னேன். தலையாட்டினார். உடனே கட்சி வாட்ஸ்அப் குழுவில் எப்போதும்போல மலாயில் அனுப்பினேன்: 'ரூமா இருளப்பன். புக்குல் 8.' இருளப்பன் வீடு, எட்டு மணி.

மலாயில் புக்குல் என்றால் மணி. அடி என்றாலும் புக்குல்தான். இங்கே பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் அது. பெரிய படிப்புப் படித்த எனக்குத்தான் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மாமா வீட்டு முன் காரை விட்டு இறங்கும்போதே அவர் மனைவி சீதா அத்தையின் அலறல் கேட்டது. வாசல் சிமெண்டில் மாமாவை முட்டிபோட வைத்து இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். குகனேஸ்வரனின் அடியாள் தனேஸ் இரும்புக் குழாயை ஓங்கி ஓங்கி இறக்கினான். ஒவ்வொரு அடியையும் உரக்க எண்ணினான். மூன்றில் முழங்கை நொறுங்கியது. நான்கில் விலா.

"டேய், விடுடா அவர!" என்று நடுவில் பாய்ந்தேன். குழாய் என் வாயில் விழுந்தது. முன்பல் உடைந்து நாக்கில் குத்தியது.

"உங்களுக்குப் பட்டது கணக்குல வராதுக்கா. இன்னும் நாலு இருக்கு லா," என்று என்னைப் பிடித்துத் தள்ளினான் தனேஸ். "நீங்கதானே புக்குல் எட்டுன்னு போட்டீங்க?"

மீதி நாலையும் அடித்து முடித்தான். எட்டாவது மண்டையில். சீதா அத்தை மாமாவின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் காறித் துப்பினாள். நான் துடைத்துக்கொள்ளவில்லை.

பதினோரு மணிக்குக் கம்போங் ராஜாவில் உள்ள கட்சி அலுவலகத்தில் செய்தியாளர் கூட்டம். அதற்கு முன் பின்னறையில் குகனேஸ்வரன் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். மழை ஈரத்தில் சரிவில் வழுக்கி விழுந்து தொழிலாளி படுகாயம் என்று இருந்தது.

"தனேஸ்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"யுவா எழுதுனத அப்படியே அடின்னு படிச்சுக்கோடான்னு சொன்னேன்." சிரித்தார். "பேசாம இத வாசி. வேற ஏதாச்சும் உளறினா உன் மெசேஜ் போலீசுக்குப் போயிரும். கிழவன் செத்தா உள்ள போறது நீதான்."

மாமா ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. உள்ளே போக எனக்குப் பயம். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் குகனேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

வாசிக்கத் தொடங்கியதும் உடைந்த பல்லில் நாக்கு பட்டு ரத்தம் தாளில் சொட்டியது. முன்வரிசையில் இருந்த நிருபர் ரீட்டா எழுந்துவிட்டாள். "மேடம், வாயில என்ன காயம்?"

"தனேஸ் அடிச்சது," என்றேன். யோசிக்கவே இல்லை. "எனக்கு ஒண்ணு, இருளப்பனுக்கு எட்டு. புக்குல் எட்டுன்னு எழுதுனது நான். எட்டு மணிக்கு வரச் சொல்லி எழுதினேன். அத அடின்னு படிக்கச் சொன்னது..."

மேசைக்கு அடியில் குகனேஸ்வரன் என் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினார். முகத்தில் வாக்குக் கேட்கும் சிரிப்பு அப்படியே இருந்தது. எலும்பு முறிந்தது. வலியில் என் குரல் கத்தலாக உயர்ந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று, அவர் பெயர் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.