கையுறைக்குள் போகிற மோதிரம்

1

இந்தக் கதை செங்கல்பட்டில் ஒரு நகைக்கடையில் என் காதில் விழுந்த ஒரே கேள்வியிலிருந்து பிறந்தது. அறுந்த கொலுசைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் கேட்டாள்: "நீ மோதிரம் எனக்கு வாங்கறியா, பீரோவுக்கா?" யாரைக் கேட்டாள், ஏன் கேட்டாள் என்று தெரிவதற்குள் என் கொலுசு வந்துவிட்டது. ஆகவே மற்றதெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: ஜெபாவின் காந்தள் விரல்களில் அந்தச் சிவப்புக் கல்...

(அடித்துவிட்டேன். காந்தள் விரலைப் புத்தகத்துக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை.)

இரண்டாவது: ஜெபா நெம்மேலிக்காரி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை. பகல் முழுக்கக் கையுறை. படாளத்துக் கலைவாணனுக்கும் அவளுக்கும் அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மோதிரத்துக்கான கல், அவன் அம்மா அமிர்தவல்லி தன் பதக்கத்திலிருந்து பெயர்த்துக் கொடுத்தது. பெண் கிறிஸ்தவர் வீட்டுப் பெண் என்று தெரிந்ததிலிருந்து அமிர்தவல்லி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்லை மட்டும் மகன் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம். அது சம்மதமா, கோபமா? ஜெபாவுக்கு விளங்கவில்லை. உண்மையில் எனக்கும்தான்.

3

கடைக்காரர் சம்பத் இரண்டு மாதிரிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் நாலு கொக்கிகள் கல்லைத் தூக்கிப் பிடித்திருந்தன. பக்கவாட்டில் வெளிச்சம் புகுந்து சிவப்பு தகதகத்தது. மற்றதில் தங்க விளிம்பு கல்லைச் சுற்றி அணைத்திருந்தது. சிவப்பு கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது.

"கொக்கிதான் கல்லுக்கு எடுப்பு," என்றார் சம்பத்.

"அப்ப அதுலயே கட்டிடுங்க*," என்றான் கலைவாணன்.

"கொக்கி கிளவுஸைக் கிழிக்கும், கலை. தெனம் கழட்டி எங்க வெச்சிகினு இருக்கறது? நீ மோதிரம் எனக்கு வாங்கறியா, பீரோவுக்கா?"

"அடக்கிக் கட்டுனா கல்லு மங்கிப்பூடும். அம்மா குடுத்த கல்ல நீ மதிக்கலன்னு நெனச்சிப்பாங்க."

ஜெபாவின் பயமும் அதுவேதான்.

* நகைக்கடையில் 'கட்டுறது' என்றால் கல்லைத் தங்கத்தில் பதிப்பது. கல்யாணத்துக்கும் அதே சொல். இது நான் செய்த ஏற்பாடு அல்ல.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கலைவாணனை விட்டுக்கொடுக்க வைத்தேன், என் கணவர் படித்துவிட்டு, "இப்படி எந்த ஆம்பளை உடனே ஒத்துப்பான்?" என்று சிரித்தார். ஜெபாவை விட்டுக்கொடுக்க வைத்தேன். மோதிரம் பீரோவுக்குப் போனது, எனக்கே எரிச்சலாக இருந்தது. அமிர்தவல்லியைக் கடைக்கு வரவழைத்து, கண்ணீர் மல்க, மருமகளைக் கட்டி... (சீரியல். வேண்டாம்.)

நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே ஜெபா கலைவாணனின் போனை வாங்கி அவன் அம்மாவை அழைத்தாள்.

"அத்தே, ஜெபா பேசறேன். நீங்க குடுத்த கல்லு தூக்கலா நின்னா என் கிளவுஸ் கிழியுது. அடக்கிக் கட்டுனா கொஞ்சம் மங்குது. ஆனா தெனம் போட்டுக்குவேன். இன்னா பண்ணட்டும்?"

'அமிர்தவல்லி போனை' என்று எழுதினேன். 'வைத்துவிட்டார்' என்று முடிப்பதற்குள் குரல் வந்தது.

"கிளவுஸ் போட்டுகினு இன்னா வேல பண்ற நீ?"

ஜெபா சொன்னாள். கை வேர்க்காதா என்று அடுத்த கேள்வி. அதற்கும் சொன்னாள். மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாய் என்று இன்னொன்று. கலைவாணன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். ஜெபா கையைக் காட்டி அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

5

கொக்கியா, விளிம்பா என்று முடிவாகவில்லை. நீங்களே ஒன்றைத் தேர்ந்து கட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அவர்கள் பேச்சுக்குக் குறுக்கே போக மனமில்லை.