பெட்டிக்குக் கட்டிய இழை

என்னைத் திருடி என்று சொன்னவர்களின் பெயரை ஒன்று விடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மொத்தம் பதினேழு பேர். அதில் பதினாறு பேரை விட்டுவிடலாம், காதில் விழுந்ததை வாயில் விட்டவர்கள். முதலில் சொன்னவள் என் நாத்தனார் அலர்மேல்மங்கை, எங்களுக்கு அலமேலு.

அது எழுபத்தாறாம் வருஷம், ஆடி மாதம். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு கொட்டகை, அதில் நாலு பவர்லூம் தறி. என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணனும் இரண்டு ஆட்களும் தறி ஓட்டுவார்கள், நான் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றுவேன். அடுத்த தெருவில் அலமேலுவும் அவள் புருஷன் தாமோதரனும் இரண்டு தறி வைத்திருந்தார்கள். ஒருநாள் அலமேலு தன்னுடைய நாலு சவரன் சங்கிலியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"வூட்டுக்கு ஓடு மாத்துறாங்க அண்ணி. ஆளுங்க வந்துகினும் போய்க்கினும் கீறாங்க. கொஞ்ச நாளைக்கு உங்க பொட்டியில இருக்கட்டும்."

வாங்கி வைத்தேன். அதுதான் நான் செய்த குற்றம். பத்தே நாளில், நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் சங்கிலி காணாமல் போய்விட்டது. பட்டப்பகல், பக்கத்துக் கொட்டகையில் மூன்று ஆண்கள் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பூட்டும் உடையவில்லை. பின்கதவுச் சாவியை நான் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைப்பது தெருவுக்கே தெரியும், இரும்புப் பெட்டிக்கோ பூட்டே கிடையாது.

"அண்ணிதான் எடுத்துட்டாங்க" என்று அலமேலு நடுத்தெருவில் நின்று அழுதாள். தாமோதரன் அழவில்லை, கத்தினார்.

"நாலு சவரனுக்குக் காலு மொளச்சிட்சா? திருத்தணிக்குப் போயிருக்கும், இவ ஆத்தா வூட்டுக்கு!"

என் பிறந்த வீடு திருத்தணி. என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன், வாய்தான் கிடையாது. அதற்கப்புறம் ஒரு வளைகாப்பில் என் பக்கத்தில் இருந்த வளையல் தட்டை ஒருத்தி மெதுவாக நகர்த்தி மறுபக்கம் வைத்தாள். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, நீ திருடுனியா?" என்று கேட்டாள். எட்டு வயசு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். திருடியவன் எவனாக இருந்தாலும் அதே தெருவில், அதே இடத்தில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். நான் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ருசி கண்டவன் திரும்ப வருவான், வரும்போது பிடிக்க வழி செய்ய வேண்டும்.

முதலில் நாய் வளர்க்கலாம் என்று யோசித்தேன். எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் தறிச் சத்தத்தில் நாய் குரைப்பது நாய்க்கே கேட்காது. கயிற்றில் தகர டப்பாக்களைக் கோத்துக் கதவில் கட்டலாம் என்றார் வீட்டுக்காரர். அதற்கும் அதே கதிதான். கடைசியில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். எலக்ட்ரிக் சாமான் கடையில் திருட்டுக்கு மணி வேண்டும் என்று கேட்டேன். டார்ச் செல் மூன்று, ஒரு மணி, துணி மாட்டும் கிளிப் ஒன்று, கொஞ்சம் ஒயர் எடுத்து வைத்தான். கிளிப்பின் வாயில் இரண்டு பக்கமும் ஒயரைச் சுற்றி, நடுவில் ஓர் அட்டைத்துண்டைச் செருகிக் காட்டினான். அட்டையை நூலில் கட்டி நூலைக் கதவில் கட்ட வேண்டும். கதவு திறந்தால் அட்டை உருவிக்கொள்ளும், ஒயர் ஒன்றோடொன்று தொடும், மணி அடிக்கும்.

"தொங்க வஸ்தே ஊரந்தா லேஸ்துந்தம்மா!" என்று பெருமையடித்துக்கொண்டான். திருடன் வந்தால் ஊரே எழுந்துவிடுமாம். தெலுங்கில் திருடனுக்குத் தொங்க என்று பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். தொங்கத்தான் விடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

கடையில் காதைப் பிளந்த மணி, எங்கள் வீட்டில் வாயைத் திறந்து மூடும் மீன் ஆகிவிட்டது. நூலைப் பெட்டி மூடியில் கட்டி, நாலு தறி ஓடும்போது திறந்து பார்த்தேன். மணியின் சுத்தி ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. கொட்டகையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் அவரைக் கொன்றிருப்பேன்.

இரண்டு நாள் அந்த மணியை முறைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அடுப்படியில் இருந்தபோது ஒரு தறியில் ஊடை நூல் அறுந்து தறி தானாக நின்றது. நான் சட்டென்று தலையைத் தூக்கினேன். எதிர்வீட்டில் எங்கள் தறிச் சத்தத்துக்குத் தூங்கிப் பழகிய கைக்குழந்தை உண்டு, மொத்தத் தறியும் நின்றால் வீறிட்டு அழும். எங்கள் ஊரில் சத்தத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை, சத்தம் நின்றால்தான் எழுந்திருப்போம். எனக்கு வேண்டியது மணி இல்லை, தறியை நிறுத்தும் வழி.

அதற்குத் திருப்பதி போக வேண்டியதே இல்லை. கொட்டகைச் சுவரில் மெயின் சுவிட்ச், கைப்பிடியைக் கீழே இழுத்தால் நாலு தறியும் நிற்கும். அதற்கு மேலே பரண் விளிம்பில் ஒரு செங்கல்லைப் பாதி வெளியே நீட்டி வைத்து, விழாமல் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தேன். செங்கல்லிலிருந்து கைப்பிடிக்கு ஒரு கயிறு. குச்சியில் ஒரே ஒரு பாவு இழையைக் கட்டி, சுவர் ஓட்டை வழியாக வீட்டுக்குள் விட்டு, பெட்டி மூடியின் உட்பக்கத்தில் முடிந்தேன். மூடியை ஒரு விரல் உயரம் தூக்கினால் குச்சி உருவிக்கொண்டு செங்கல் விழும். முழுக்கத் திறந்தால் குச்சி ஓட்டையில் சிக்கி இழை அறுந்துபோகும். ஆட்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்தேன். வீட்டுக்காரர் தறிகளை ஓட்ட, மூன்று தடவை சோதித்தோம். மூன்று தடவையும் எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருடன் அவர்களில் ஒருத்தனாகவும் இருக்கலாம்.

பிறகு தெருக்குழாயில் போய், என் நைனா பேத்திக்கு மூன்று சவரனில் அட்டிகை செய்து கொடுத்திருக்கிறார் என்றும், செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு நாராயணவனம் கோயிலுக்குப் போகிறோம் என்றும் சொன்னேன். ஒரு குடம் நிரம்புவதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அலமேலுவும் வரிசையில்தான் நின்றிருந்தாள். பெட்டியில் பட்டுத்துணிக்குள் என் வீட்டுக்காரரின் பிய்ந்த செருப்பைச் சுற்றி வைத்தேன். சாவி தொட்டிக்கு அடியிலேயே இருந்தது.

நாராயணவனத்தில் சாமி கும்பிட்டேன் என்று சொன்னால் பொய். சந்நிதியில் நின்று அவனைப் பிடித்துக் கொடு, பிடித்துக் கொடு என்றுதான் முணுமுணுத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் எங்கள் கொட்டகை அமைதியாக இருந்தது. ஆட்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவன் கங்கையா.

"இன்னாடா, தறி ஏன் ஓடல?"

"பதினோரு மணிக்கே கரண்ட் போயிட்சிம்மா."

"எதிர்வூட்ல ஓடிக்கினு கீதே, காது இல்லியா?"

கங்கையா தலையைச் சொறிந்தான். "அவங்களுது வேற லைன்னு நெனச்சோம். டீ குடிக்கப் போனோம், வந்து பாத்தாலும் வரல."

ஐந்து மணி நேரம்! செங்கல் காலடியில் விழுந்து கிடக்கிறது, சுவிட்ச் கீழே இறங்கியிருக்கிறது, இவர்கள் கரண்டுக்காகக் காத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் தினமும் இரண்டு தடவை கரண்ட் போகும் என்பதை நான் மறந்துவிட்டேன். தறி நின்றால் எல்லாரும் தலையைத் தூக்குவார்கள், தூக்கியதும் டீக்கடைக்குத்தான் போவார்கள். என் புத்தியை என் செருப்பாலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஓடிப்போய் வீட்டைத் திறந்தேன். பெட்டி ஒழுங்காக மூடியிருந்தது. மூடியை லேசாகத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தேன், செருப்பு பட்டுத்துணிக்குள் பழையபடியே இருந்தது. இழையும் மூடிக்கும் சுவருக்கும் நடுவே முழுசாக இருந்தது. அறுந்திருக்க வேண்டிய இழை எப்படி முழுசாக இருக்கும்? விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு முழத்தில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு ஊர்த் திருடனாக இருந்தால் அறுந்த நூலை அப்படியே விட்டு ஓடியிருப்பான். தறிக்காரனால் முடியாது. இழை அறுந்தால் அவன் கை அவனைக் கேட்காமலே முடி போட்டுவிடும். அதுவும் இந்த முடிச்சு தலைகீழாகப் புரண்டிருந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் தாமோதரன் இரண்டு வருஷம் எங்கள் கொட்டகையில்தான் தறி ஓட்டினார். இடது கைக்காரர். அவர் போட்ட முடி அச்சில் மாட்டி மறுபடி அறுந்துபோகும், அதைப் பிரித்துத் திரும்பப் போட்டவள் நான். எத்தனை நூறு முடி!

முடிச்சோடு இழையை வெட்டி எடுத்தேன், வீட்டுக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் செத்துப்போயிற்று.

"வேணாம் வரலட்சுமி. தங்கச்சி வாழ்க்க கெட்டுப்போவும்."

"அப்ப என் வாழ்க்க?"

மறுநாள் காலை நான் கிளம்பியபோது அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். கங்கையாவையும், என்னைத் திருடி என்றவர்களில் வாய் பெரிதான இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டேன். தாமோதரன் தறியில் இருந்தார். நான் பக்கத்தில் போய்க் கத்தரிக்கோலால் அவர் பாவில் ஒரு இழையை வெட்டினேன். அவர் கை தறியை நிறுத்தியது, இரண்டு முனைகளையும் பிடித்தது, முடி போட்டது. கண் சிமிட்டும் நேரம்தான். அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, பைத்தியமா புட்ச்சிகீது?"

நான் மடித்துக் கொண்டுபோன காகிதத்தைப் பிரித்து என் பெட்டி இழையை அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "நேத்து என் பொட்டியில போட்ட முடி இது. எடது கையால முடி போடுறவங்க இந்த ஊர்ல எத்தினி பேருண்ணா?"

வந்தவர்கள் எல்லாரும் தறிக்காரர்கள். குனிந்து பார்த்தார்கள், விளக்கம் தேவைப்படவில்லை. தாமோதரன், சத்தம் கேட்டு வந்து நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்தார். அலமேலு அந்த முடிச்சைப் பார்க்கவே இல்லை.

"வெளிய வாண்ணா. எங்க தெருவுல, அன்னிக்கி நின்ன எடத்துலயே நில்லு."

வந்தார். என் வீட்டு வாசலில் நின்று ஏதோ முனகினார்.

"கேக்கல. தறி ஓடுது."

கொஞ்சம் உரக்கச் சொன்னார். வீட்டுக்காரர் என் கையைத் தொட்டார், உதறினேன்.

"இன்னும் கேக்கல."

அதற்குள் ஜனம் வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாகத் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். மூன்றாவது தடவை அவர் கத்தியபோது தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. "நான்தான் எடுத்தேன்! சங்கிலிய நான்தான் எடுத்துப் புத்தூர்ல அடகு வெச்சிட்டேன்!" தெருக்கோடி வரைக்கும் போயிற்று. எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன், அப்படி இனித்தது. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அலமேலு தனியாக வந்தாள். போலீஸுக்குப் போக வேண்டாம் என்று காலைப் பிடித்தாள். போகும் எண்ணம் எனக்கு இல்லை, என் வேலை முடிந்துவிட்டது. தூக்கி உட்காரவைத்துக் காபிகூடக் கொடுத்தேன். பாவம், இவளையும்தானே ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன்.

"அவர்தான்னு உனக்குக் கொஞ்சம்கூடத் தோணலியா அலமேலு?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "சீட்டாட்டத்துக்கு எடுத்துனு போயிடுவார்னுதான் அண்ணி உங்ககிட்ட குடுத்தேன். ஓடு மாத்துறதுன்னு சும்மா சொன்னேன்."

"அப்ப அன்னிக்கே தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் என்னைத் திருடின்னு சொன்னியா?"

"அவர் பேர் வெளிய வந்தா நானும் புள்ளைங்களும் எங்க போறது? நீங்க தாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன், அண்ணி."

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தாமோதரன் அடகை மீட்டார், சீட்டாட்டத்தையும் விட்டார். இப்போது என் வீட்டுக்கு வருவார், அண்ணா என்று கூப்பிட்டுச் சோறு போடுகிறேன். அலமேலு ஒவ்வொரு பண்டிகைக்கும் வந்து, இப்போது நான் ஓட்டும் தறிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறாள். அழுகிறாள் என்று நினைக்கிறேன், உதடு அசைவது தெரியும். நான் தறியை நிறுத்துவதில்லை.