முந்தின ஸ்டேஷன்

வழி கேட்கும் பழக்கம் ஒழிந்தால்தான் மனிதகுலம் அடுத்த கட்டத்துக்குப் போகும் என்பது தினேஷின் தீர்மானமான கருத்து. பி.காம். கடைசி வருடக்காரன் இதைப் போகிற போக்கில் சொல்லிவிடவில்லை. ஈஜிபுராவில் அவர்களுடைய ஒன்றரை அறை வீட்டின் நட்ட நடுவில் நின்று, ஒரு கையில் போனும் மறு கையில் பாதி கடித்த பன்னுமாக, சிரிக்காமல் சொன்னான்.

"கையில சாட்டிலைட்டே இருக்கு. இன்னும் டீக்கடைல போயி, 'அண்ணா, இது எங்க வருது'ன்னு கேக்கறவங்கள என்னாதான் பண்றது?"

அப்படிக் கேட்கிறவர் எதிரிலேயே உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவனுடைய அப்பா, முனிகிருஷ்ணன். இருபத்திரண்டு வருடமாக டிரைவர். பெங்களூரில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆனாலும் ஓர் இடத்துக்குக் கிளம்புமுன் மூன்று பேரைக் கேட்டாக வேண்டும். முதல் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னாலும், மூன்றாவது ஆள் மனசு நோகக் கூடாது என்பதுபோல அவரையும் கேட்பார்.

"இந்த ஊர்ல நேத்து இருந்த ரோடு இன்னிக்கி இருக்காதுடா," என்றார் முனிகிருஷ்ணன்.

"ரயிலு ரோட்லயா போகுது?"

"ரெண்டு பேரும் சும்னிருங்க," என்றாள் சரளா. "அந்த வாய்ஸ இன்னொரு தபா போடு."

சரளா தொம்மலூரில் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். ஆண்டு விழாக் குலுக்கலில் வருடா வருடம் யாருக்கோ ஹாட்பாக்ஸ் விழும். இந்த வருடம் அவளுக்கு, இரண்டு பேருக்கான ஒரு நாள் கிராமச் சுற்றுலா விழுந்துவிட்டது. கரும்புத் தோட்டம், மாட்டு வண்டி, வெல்லம் காய்ச்சுகிற ஆலை, இலைச் சாப்பாடு. சரளா ஈஜிபுராவில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளும் முனிகிருஷ்ணனும் சேர்ந்து ரயில் ஏறியதில்லை. அவர் ஓட்டிய காரெல்லாம் வேறு யாருக்கோதான் ஊர் சுற்றிக் காட்டின.

"பச்சையா, கண்ணுக்கெட்டின மட்டும் ஒரே மாதிரி இருக்குமாமே? நடுவுல கட்டடமே இல்லாம?" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு சிட்டி ஸ்டேஷனில் பாசஞ்சர். போய் இறங்கும் ஸ்டேஷன் வாசலில் சுற்றுலா பஸ் நிற்கும். அதை விட்டால் அவ்வளவுதான். அடுத்த ரயிலில் போய்ச் சேருவதற்குள் மாட்டு வண்டி திரும்பி வந்திருக்கும்.

தினேஷ் வாய்ஸ் மெசேஜைப் போட்டான். தோட்டத்துக்காரர் சீனிவாசராகவனின் குரல். மண்டியா பக்கம் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குடியேறிய தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம்.

"நமஸ்காரம் சரளாம்மா. மத்தூருக்கு முந்தின ஸ்டேஷன்ல எறங்கிடுங்கோ. பஸ் அங்கயே நிக்கும். எட்டேகாலுக்குப் பொறப்பட்டுடும், ஆய்த்தா? தோட்டத்துல நெட்வொர்க் கெடையாது. போன் போகலேன்னா பயந்துக்காதீங்கோ."

தினேஷ் ஆப்பைத் திறந்து, மத்தூருக்கு முன்னால் பாசஞ்சர் நிற்கும் ஸ்டேஷன் எது என்று பார்த்தான். அதன் பெயரை ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதினான்.

"எதுக்கும் யார்னா ஒருத்தர..." என்று ஆரம்பித்தார் முனிகிருஷ்ணன்.

"அப்பா. அவரு பேசறது தமிழு. தமிழ் புரியறதுக்குமா டீக்கடைக்குப் போகணும்?"

சரளா சிரித்துவிட்டு, சீட்டை நான்காக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டாள். மகன் எழுதிக் கொடுத்தது என்றால் அவளுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

சனிக்கிழமையானாலும் தினேஷுக்கு மதியம் வரை வகுப்பு உண்டு. மெஜஸ்டிக் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்பாவை வைத்து நண்பர்களுக்கு ஒரு நீண்ட மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஸ்பீக்கர் கன்னடத்தில் சொன்னது: "முந்தின நில்தாண, கார்ப்பரேஷன்."

பிறந்ததிலிருந்து கேட்கிற அறிவிப்பு. அடுத்த நிறுத்தம் கார்ப்பரேஷன். அடுத்த.

அவன் விரல் நின்றுவிட்டது.

தமிழில் முந்தின என்றால் கடந்து போனது. கன்னடத்தில் முந்தின என்றால் இனி வரப் போவது. சீனிவாசராகவன் எந்த முந்தினவைச் சொன்னார்? பேசியது தமிழ்தான். நினைத்தது?

போன் போட்டான். போகவில்லை. மறுபடி போட்டான். போகாது என்று அவர்தான் முன்னாலேயே சொல்லியிருந்தாரே.

வெறிச்சோடிய ஒரு பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் அரக்கு நிறப் பட்டுப் புடவையில் அம்மா, பாலிஷ் போட்ட ஷூவில் அப்பா. அப்பா திட்டமாட்டார். 'பரவால்லடா, ரயில்லயாச்சும் வந்தோமே' என்று போனில் சொல்வார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

வகுப்பை விட்டுவிட்டு நேராக சிட்டி ஸ்டேஷனுக்குப் போனான். விசாரணைக் கவுன்டரில் வரிசை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மத்தூருக்கு முன்னாடி, பின்னாடி, ரெண்டுலயும் நிக்கும்பா," என்றார் உள்ளே இருந்தவர். "யாரோட பஸ்ஸு எங்க நிக்கும்னு ரயில்வேக்கு எப்படித் தெரியும்?"

நியாயம்தான்.

மைசூர் பக்கமிருந்து ஒரு பாசஞ்சர் வந்து நின்றது. இறங்கியவர்களில், காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவனை மறித்துக் கேட்டான். அவன் பதில் சொல்லாமல் தன் போனில் மேப்பைத் திறந்தான். தினேஷுக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்றாவதாக, வெற்றிலைக் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் தோட்டத்துக்காரர் பெயரைச் சொல்லிக் கேட்டான்.

"சீனிவாசராகவன் சாரு பஸ்ஸா? டூருக்கு வரவங்கள ஏத்திக்கினு போகுமே? மத்தூர் தாண்டித்தான் நிக்கும். டெய்லி பாக்கறேனே. முன்னாடியே எறங்கினா அங்க நாய்கூட இருக்காது."

"நிஜமாவா அக்கா?"

"ஏன், நான் பொய் சொல்ற மாதிரி இருக்கனா?"

தினேஷ் நோட்டைத் திறந்து, மத்தூருக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயரைப் புதுத் தாளில் எழுதினான். கிழித்துச் சட்டைப்பையில் வைத்தான். நான்கு எட்டு நடந்தவன் திரும்பி வந்தான்.

"அக்கா, இன்னொண்ணு. எந்தப் பக்க ஜன்னல்ல உக்காந்தா வயலு நல்லாத் தெரியும்?"

"யாருக்கு, உனக்கா?"

"எங்கம்மாவுக்கு. பாத்ததில்ல."

அவள் கண்ணை மூடி, தான் தினமும் வருகிற வழியைத் தலைகீழாக ஒரு முறை போய் வந்தாள். "வலது பக்கம் உக்காரச் சொல்லு. காலைல வெயிலும் மூஞ்சில அடிக்காது."

அதையும் எழுதிக்கொண்டான். பிறகு, கல்லூரிக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இளநீர்க் குலையோடு வந்துகொண்டிருந்த ஒருவரை நோக்கி நடந்தான்.

"அண்ணா, ஒரு நிமிஷம்..."